மாமி மகளும் சாச்சா மகளும்

மன்னார்த் தீவில் ஒரு கத்தோலிக்கப் பையன் தன் மாமன் மகளைக் கட்ட ஆசைப்பட்டால், பங்குத்தந்தை வழியாக ஆயர் இல்லத்தில் விலக்கு வாங்க வேண்டும். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு நேர் மச்சான் மச்சாள் உறவைத் திருமணத் தடையாகவே வைத்திருக்கிறது. அடுத்த வளவில் இருக்கும் சைவப் பையனுக்கு அதே உறவு முறைப்பெண். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எருக்கலம்பிட்டியிலோ தாராபுரத்திலோ இருக்கும் முஸ்லிம் பையனுக்கும் மாமி மகள் முறைப்பெண்தான். அவனுக்கு மார்க்கம் இன்னும் ஒரு படி மேலே போய் சாச்சா (சித்தப்பா) மகளையும் சாச்சி (சித்தி) மகளையும்கூட மணக்கலாம் என்கிறது. அவர்களை மணக்கலாம் என்று அவனிடம் சொன்னால், "அது தங்கச்சி முறை அல்லவா?" என்று முகத்தைச் சுளிப்பவர்கள் அவன் வீட்டிலேயே இருப்பார்கள்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி மன்னார் மாவட்டத்தில் பாதிக்கு மேல் கத்தோலிக்கர். முஸ்லிம்கள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பாலோர் சைவர். மூன்று தரப்புக்கும் வீட்டு மொழி தமிழ். பெண் பார்க்கும் பேச்சும் சீதனப் பேச்சும் ஏறக்குறைய ஒரே சொற்களில்தான் நடக்கின்றன. அதனால் இஸ்லாத்தின் மண விதிகளைத் தனிப் பட்டியலாகப் படிப்பதைவிட, இந்தக் கரையில் வைத்துப் பார்த்தால் எது வேதம், எது ஊர், எது அரசாங்கம் என்று பிரித்துக் காண்பது எளிது.

முதலில் வேதம். குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 'அந்நிஸா'. அதன் 22 முதல் 24 வரையான வசனங்களில் ஓர் ஆண் யாரை மணக்கக் கூடாது என்ற பட்டியல் இருக்கிறது. தந்தை மணந்த பெண், தாய், மகள், உடன்பிறந்தாள், தந்தையின் உடன்பிறந்தாள், தாயின் உடன்பிறந்தாள், சகோதரன் மகள், சகோதரி மகள், பால் கொடுத்த தாய், அதே பால் குடித்தவள், மனைவியின் தாய், கூடி வாழ்ந்த மனைவியின் முன் கணவனுக்குப் பிறந்த மகள், மகனின் மனைவி. அதோடு ஒரே நேரத்தில் இரு சகோதரிகள், இன்னொருவரின் மனைவியாக இருப்பவள். பெண்ணுக்கும் இதே தடைகள் எதிர்த்திசையில் பொருந்தும். தடை இரத்தத்தால் வரும், கல்யாணத்தால் வரும், பாலால் வரும். இந்த மூன்றுக்கு வெளியே உள்ள உறவுக்காரர் எல்லாரும் மணக்கத் தக்கவர்கள்.

பட்டியலில் தமிழ்க் காதுக்கு உறைக்கும் இடம் சகோதரி மகள். பாக்கு நீரிணையின் மறுகரையில், தலைமன்னாரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியுள்ள தமிழ்நாட்டில், அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவது பல சாதிகளில் வழக்கம். சிலவற்றில் அது மாமனின் உரிமை. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமும் வழக்காறு இருந்தால் அதற்கு இடம் விடுகிறது. இஸ்லாத்தில் அது முற்றிலும் ஹராம். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வாழும் தமிழ் முஸ்லிம்கள் சுற்றியிருக்கும் ஊர்களின் எத்தனையோ பழக்கங்களை எடுத்துக்கொண்டாலும், இந்த ஒன்றை எடுத்துக்கொள்ளவில்லை. இலங்கையிலோ பொதுவான விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டமே சகோதரன் மகளையும் சகோதரி மகளையும் தடுத்துவிட்டது. ஆகவே மன்னாரில் மூன்று சமூகமும் இந்தப் புள்ளியில் ஒன்று.

சாச்சா மகள் விஷயம் அப்படியல்ல. அரபு நாடுகளில் தந்தையின் சகோதரன் மகளே முதல் தெரிவாக எண்ணப்படும் சமூகங்கள் உண்டு. தமிழ் உறவுமுறையோ, அப்பாவின் சகோதரன் பிள்ளைகளையும் அம்மாவின் சகோதரி பிள்ளைகளையும் உடன்பிறந்தவர்களாகவே கூப்பிட வைக்கிறது. மாமன் மகளையும் மாமி மகளையும்தான் மணமுறைக்குள் வைக்கிறது. கிழக்கிலங்கையில் அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, அங்குள்ள முஸ்லிம்களும் தமிழர்களைப் போலவே மாமன் மாமி பிள்ளைகளை முறையாகவும், சாச்சா சாச்சி பிள்ளைகளை உடன்பிறப்பாகவும் எண்ணுவதை எழுதியிருக்கிறார். மன்னார்க் கரையில் புழங்கும் உறவுச் சொற்களும் அதே அமைப்பைச் சேர்ந்தவைதான். மௌலவியிடம் கேட்டால் ஆகும் என்பார். மூத்தம்மாவிடம் கேட்டால் ஆகாது என்பாள். ஹலால் என்பதற்காக ஒருவரைக் கட்டியே தீர வேண்டும் என்று இல்லையே. அதனால் இரண்டு தீர்ப்பும் மோதாமல் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

பால் உறவு இன்னும் நுட்பமானது. இரத்தத்தால் எந்த உறவெல்லாம் தடையோ, அதெல்லாம் பாலாலும் தடை என்பது நபிமொழியிலிருந்து வரும் விதி. இலங்கை முஸ்லிம்களில் மிகப் பெரும்பான்மையினர் பின்பற்றும் ஷாபி மத்ஹப் எனும் சட்டப் பள்ளியின்படி, குழந்தைக்கு இரண்டு வயது முடிவதற்குள் தனித்தனியாக ஐந்து முறை வயிறாரக் கொடுத்திருக்க வேண்டும். ஹனபி மத்ஹபில் ஒரே ஒரு தடவை கொடுத்தாலும் போதும். கொடுத்தவள் தாய், அவள் கணவன் தந்தை, அவள் பிள்ளைகள் எல்லாரும் உடன்பிறப்பு. தாய் காய்ச்சலில் கிடக்க, பக்கத்து வீட்டுக்காரி பிள்ளையை அமர்த்திப் பால் கொடுப்பது முன்பு சாதாரணம். அதற்கு எந்தக் கச்சேரியிலும் பதிவேடு கிடையாது. இருபது வருடத்துக்குப் பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் இடையே சம்பந்தம் பேசினால், யார் யாருக்கு எத்தனை தரம் கொடுத்தார் என்பதற்குக் கிழவிகளின் ஞாபகம்தான் சாட்சி. இலங்கைச் சட்டமும் இதை இலேசாக விடவில்லை. இரத்தம், மணம், பால் எதனாலாவது தடைப்பட்டவரை அறிந்தே மணப்பது தண்டனைக்குரிய குற்றம்.

இந்தப் பழைய விதி புதிய மருத்துவத்தோடும் உரசுகிறது. பல தாய்மாரின் பாலைச் சேர்த்துக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் தாய்ப்பால் வங்கிகளில், யார் பால் யாருக்குப் போனது என்று தெரியாது. இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் பிக்ஹ் (இஸ்லாமியச் சட்டவியல்) பேரவை 1985இல் அவற்றுக்கு எதிராகத் தீர்மானித்தது. 2019இல் டாக்காவில் தொடங்கவிருந்த வங்கி இதே காரணத்தால் நின்றுபோனது. கத்தோலிக்கருக்கும் இதுபோல் இரத்தமில்லாத உறவுத் தடை ஒன்று நெடுங்காலம் இருந்தது: ஞானஸ்நானத்தில் தன்னைக் கைதாங்கிய ஞானத்தாயையோ ஞானத்தந்தையையோ மணக்கக் கூடாது. 1983 தொகுப்பு அதை எடுத்துவிட்டது.

இதுவரை சொன்னவற்றில் மாறாதவையும் உண்டு, காலத்தால் நீங்குபவையும் உண்டு. மனைவி இருக்கும்போது அவள் தங்கையைக் கட்ட முடியாது. அவளுடைய மாமியையோ சாச்சியையோ மருமகளையோ கூடச் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. மனைவி இறந்துவிட்டால் தங்கையைக் கட்டத் தடையில்லை. தாயில்லாப் பிள்ளைகளுக்குச் சித்தியே தாயாகட்டும் என்று தமிழ்க் குடும்பங்கள் காலங்காலமாகச் செய்துவந்த ஏற்பாடு இது. இங்கிலாந்தில் இதையே 1907 வரை சட்டம் தடுத்து வைத்திருந்தது என்பதைப் படிக்கும்போது, பழமை எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்கத் தோன்றும்.

மறுமணத்துக்கு முன் பெண் காத்திருக்க வேண்டிய காலம் இத்தா. கணவன் இறந்த பெண்ணுக்கு அது நான்கு மாதம் பத்து நாள். விவாகரத்தானவளுக்கு மூன்று மாதவிடாய்ச் சுற்று. கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை. அந்தக் காலத்தில் செய்யும் நிக்காஹ் (திருமணம்) செல்லாது. விதவையிடம் விருப்பத்தைச் சாடைமாடையாகச் சொல்லலாம், வாக்குக் கொடுத்து முடிவு செய்யக் கூடாது என்று அந்தக் கண்ணியத்தின் எல்லையைக்கூடக் குர்ஆன் சொல்லிவைத்திருக்கிறது. மூன்று தலாக்கும் முடிந்துவிட்ட மனைவியை, அவள் இன்னொருவரை மணந்து வாழ்ந்து அந்த மணமும் முறிந்தாலன்றி முதல் கணவன் மறுபடி மணக்க முடியாது.

ஆணுக்கு உச்சவரம்பு நான்கு. அதுவும் எல்லாரிடமும் நீதியாக நடக்க முடிந்தால் மட்டுமே. முடியாதென்று அஞ்சினால் ஒன்றே என்கிறது வசனம். 1344இல் புத்தளத்தில் வந்திறங்கிய பயணி இப்னு பதூதா, அதற்கு முன் மாலைதீவில் காதியாக (இஸ்லாமிய நீதிபதியாக) இருந்தவர். அங்கே தமக்கே ஒரே சமயத்தில் நான்கு மனைவியர் இருந்ததை அவர் மறைக்கவில்லை. கப்பல் வந்தால் மாலுமிகள் கல்யாணம் செய்வார்கள், கப்பல் புறப்பட்டால் தலாக் சொல்வார்கள், அந்த நாட்டுப் பெண்கள் ஊரைவிட்டு வெளியே போவதில்லை என்றும் எழுதிவைத்தார். விதிகளில் ஒன்றும் மீறப்படவில்லை. அவற்றின் நோக்கம் நிறைவேறியதா என்பது வேறு கேள்வி. அந்தக் காதி அதை எழுப்பவில்லை.

மதம் கடந்த திருமணத்தில் விதி இரண்டு பாலுக்கும் ஒன்றல்ல. வேதக்காரர் எனப்படும் யூத, கிறிஸ்தவப் பெண்ணை முஸ்லிம் ஆண் மணக்கலாம். முஸ்லிம் பெண் முஸ்லிம் அல்லாதவரை மணக்கக் கூடாது என்பது எல்லா மத்ஹபுகளின் முடிவு. ஆனால் இலங்கையின் முஸ்லிம் சட்டம் இருவரும் முஸ்லிமாக இருந்தால் மட்டுமே செல்லுபடியாகும். எனவே மன்னாரில் கிறிஸ்தவப் பெண்ணை மார்க்கம் அனுமதித்தாலும், அவள் இஸ்லாத்துக்கு வந்தால்தான் அந்தச் சட்டத்தில் பதிவு. இந்த வாசலை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தியவர்களும் உண்டு. கிறிஸ்தவத் திருமணம் செய்த ஒருவர், அது முறியாதிருக்கும்போதே இஸ்லாத்துக்கு மாறி இரண்டாவது கல்யாணம் செய்தார். 'ரீட்' வழக்கு எனப்படும் அதில், 1965இல் லண்டன் பிரிவி கவுன்சில் அவரைக் குற்றமற்றவர் என்றது. 1997இல் 'அபேசுந்தர' வழக்கில் இலங்கை உயர் நீதிமன்றம் அதைத் தலைகீழாக்கியது: பொதுச் சட்டத்தில் ஒருமுறை கட்டியவர், மதம் மாறிவிட்டதால் இன்னொரு மனைவி எடுக்க முடியாது.

சட்டம் என்ற சொல் வந்துவிட்டது. 1806இல், தலைமை நீதியரசராகப் பின்னர் உயர்ந்த அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியில், இலங்கை முஸ்லிம்களின் வாரிசுரிமை, திருமண வழக்காறுகள் ஒரு கோவையாகத் தொகுக்கப்பட்டன. 1929ஆம் ஆண்டின் சட்டம் காதிகளை ஏற்படுத்தியது. இன்று நடைமுறையில் இருப்பது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். நாடு முழுவதும் சுமார் 65 காதி நீதிமன்றங்கள் உள்ளன. காதியை நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழு. அவர் முஸ்லிம் ஆணாக இருக்க வேண்டும். அவர் முன் சட்டத்தரணி தோன்ற முடியாது. மேன்முறையீடு கொழும்பிலுள்ள காதிகள் சபைக்கு.

இந்தச் சட்டத்தைப் படிக்கும்போது ஒன்று விளங்கும். யாரை மணக்கக் கூடாது என்பதில் மன்னாரிலோ கொழும்பிலோ யாருக்கும் சச்சரவில்லை. சகோதரி மகளை மணக்க விடுங்கள் என்றோ பால் உறவைத் தளர்த்துங்கள் என்றோ எவரும் ஊர்வலம் போகவில்லை. சண்டையெல்லாம் 'ஆகும்' என்ற பக்கத்தில்தான்: எந்த வயதில் ஆகும், யார் சம்மதத்தில் ஆகும், எத்தனை பேர் ஆகும்.

சம்மதத்தை எடுத்துக்கொள்வோம். ஷாபி மத்ஹபில் 'வலி' எனப்படும் ஆண் பொறுப்பாளர் இல்லாமல் பெண்ணுக்கு நிக்காஹ் இல்லை. வயது வந்த ஹனபிப் பெண்ணுக்கு அந்தக் கட்டாயம் இல்லை; இலங்கையில் மேமன் சமூகத்தார் அந்த மத்ஹபினர். வலியாவது தந்தை, பிறகு தந்தைவழிப் பாட்டன், சகோதரன், சகோதரன் மகன், தந்தையின் சகோதரன் என்று ஆண்வழியிலேயே ஓடும். தாய்க்கு இடமில்லை. தாய்மாமனுக்கும் இல்லை. தமிழ்க் கல்யாணத்தில் தாய்மாமன் இல்லாமல் பந்தலில் ஒன்றும் அசையாது. நிக்காஹ் மஜ்லிஸில் அதே மாமனால் மருமகளைக் கொடுக்க முடியாது, அவளை வளர்த்து ஆளாக்கியவர் அவராகவே இருந்தாலும். தந்தை வழியில் ஒருவரும் இல்லாவிட்டால் அதிகாரம் மாமனைத் தாண்டிக் காதியிடம் போகும். வலி நியாயமில்லாமல் மறுத்தாலும் காதியிடம்தான் போக வேண்டும்.

பெண்ணின் சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அதை அவையில் அறிவிப்பவர் வலி. 1951 சட்டத்தின் பதிவுப் படிவத்தில் மாப்பிள்ளைக்கும் வலிக்கும் நிக்காஹ் செய்து வைப்பவருக்கும் கையெழுத்துக் கோடு வைக்கப்பட்டது; மணமகளுக்கு வைக்கப்படவில்லை. நபியவர்கள் காலத்தில் தந்தை தன் விருப்பத்துக்கு மாறாகக் கட்டிக்கொடுத்துவிட்டார் என்று முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்ணின் திருமணத்தை நபியவர்கள் ரத்துச் செய்ததாகப் புகாரி தொகுத்த நபிமொழிகளில் ஹதீஸ் உண்டு. கையெழுத்துக் கேட்ட முஸ்லிம் பெண்கள் இதை அடிக்கடி எடுத்துச் சொன்னார்கள். எடுத்துச் சொல்வதற்கு அதைவிட வலுவான ஆதாரம் தேடினாலும் கிடைக்காது.

கொடுக்கல் வாங்கலிலும் வேதமும் ஊரும் எதிர்த்திசை. மஹர் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது; அது அவன் மீது கடமை. கைக்கூலி பெண் வீட்டார் மாப்பிள்ளை கையில் கொடுப்பது. குர்ஆனில் இல்லாத இந்தக் கைக்கூலி 1951 சட்டத்தில் பெயரோடு இருக்கிறது, ஒரு நல்ல காரணத்துக்காக: அது மணமகளின் பயனுக்காகக் கொடுக்கப்பட்டது என்று சட்டம் கொள்கிறது. கணவனிடமிருந்து அதைத் திரும்பப் பெறக் காதியிடம் மனைவி வழக்கு வைக்கலாம். காசு, நகை போன்ற அசையும் பொருளுக்கு மட்டும்தான் இது. மகளுக்கென்று கட்டிக்கொடுக்கும் வீடும் வளவும் இதில் வராது.

வட இலங்கையில் அந்த வீடுதான் பெரிய விஷயம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி மக்கள் வள்ளங்களில் கடலேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். சீதன வீட்டோடு, நிக்காஹ் பதிவும் உறுதிப் பத்திரமும் பலருக்குப் பின்னால் போயின. பதிவு இல்லை என்பதாலேயே நிக்காஹ் செல்லாமல் போகாது என்று 1951 சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. அது ஆறுதல்தான். ஆனால் மஹரும் பராமரிப்பும் கேட்டுக் காதி முன் நிற்கும் பெண்ணுக்கு, கல்யாணம் நடந்ததென்று காட்டக் கையில் ஒரு தாள் இருந்தால் எவ்வளவு எளிது. புத்தளம் அகதி முகாம்களில் பல பெண்பிள்ளைகள் பள்ளிப் பருவத்திலேயே கட்டிக்கொடுக்கப்பட்டார்கள். அங்கே முஸ்லிம் பெண்களோடு நீண்டகாலம் வேலை செய்துவரும் ஜுவைரியா மொஹிதீனும், மன்னார்ப் பெண்கள் அபிவிருத்திச் சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷிரீன் ஸரூரும் காதி நீதிமன்றத்தில் பெண்கள் படும் பாட்டைப் பொதுவில் பேசத் துணிந்தவர்கள். அதற்காக இருவரும் கேட்ட வசவு கொஞ்சமல்ல.

வயது விஷயத்தில் சட்டத்தின் 23ஆம் பிரிவு இப்படி: 12 வயது நிறையாத சிறுமியின் திருமணத்தைப் பதிய வேண்டுமானால் காதியின் அனுமதி வேண்டும். அதன் பொருள், 12க்கு மேல் காதியைக் கேட்க வேண்டியதில்லை. 1995இல் மற்றவர்களுக்குத் திருமண வயது 18 ஆனது; முஸ்லிம்கள் அந்தத் திருத்தத்துக்கு வெளியே நின்றார்கள். அதே ஆண்டு தண்டனைச் சட்டக்கோவையும் திருத்தப்பட்டு, 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்ணோடு உறவு, அவள் சம்மதித்தாலும், கற்பழிப்பு என்றானது. அதிலும் 12க்கு மேற்பட்ட மனைவியோடு கணவன் கொள்ளும் உறவுக்கு விலக்கு எழுதப்பட்டது.

பலதாரத்துக்கும் சட்டம் பெரிய முட்டுக்கட்டை போடவில்லை. இன்னொரு மனைவி எடுப்பவர் முப்பது நாள் முன்னதாகக் காதிக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும்; அது ஜும்ஆப் பள்ளிவாசல்களில் ஒட்டப்படும். முதல் மனைவியின் சம்மதம் கேட்கப்படுவதில்லை. பாகிஸ்தான் 1961இலேயே நடுவர் குழுவின் அனுமதியைக் கட்டாயமாக்கியது. துனீசியா 1956இல் பலதாரத்தையே தடை செய்தது. இரண்டும் முஸ்லிம் நாடுகள்.

2009இல் அன்றைய நீதி அமைச்சர் மிலிந்த மொரகொட, உயர் நீதிமன்ற நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் சீர்திருத்தக் குழுவொன்றை அமைத்தார். அறிக்கை வந்தது 2018 ஜனவரியில், அதுவும் இரண்டாகப் பிளந்து. மர்சூப் ஒரு பக்கம். ஜனாதிபதி சட்டத்தரணி பைஸ் முஸ்தபாவும் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் தலைவர் ரிஸ்வி முப்தியும் மறுபக்கம். பெண்கள் காதியாகலாமா என்பது அவர்களைப் பிரித்தவற்றில் ஒன்று. 2021இல் அலி சப்ரி நீதி அமைச்சராக இருந்தபோது, திருமண வயதை 18 ஆக்கவும், விரும்பும் முஸ்லிம்கள் பொதுச் சட்டத்தில் பதிந்துகொள்ள வழிவிடவும் அமைச்சரவை இணங்கியது. கண்டியச் சிங்களவர் தம் தனிச் சட்டத்தை விட்டுப் பொதுச் சட்டத்தில் பதியலாம். அந்தத் தெரிவு முஸ்லிம்களுக்கு மட்டும் இல்லை என்பதால் இது சிறிய மாற்றமல்ல. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணிக்கு ஞானசார தேரரைத் தலைவராக்கினார் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ. முஸ்லிம்களுக்கு எதிரான பேச்சுக்குப் பேர்போன ஒருவரின் கையில் 'ஒரே சட்டம்' என்ற சொல் போனதும், உள்ளேயிருந்து சீர்திருத்தம் கேட்ட பெண்கள் சமூகத் துரோகிகள் என்ற ஏச்சுக்கும் பதில் சொல்ல வேண்டிவந்தது. அமைச்சரவை இணங்கியது நாடாளுமன்றத்தில் சட்டமாகவில்லை. எருக்கலம்பிட்டியில் நிக்காஹ் முடிந்ததும் பதிவாளர் விரிக்கும் படிவம் 1951 சட்டத்தின் படிவம்தான்.